சாரலும் ஒரு கேம்ரி காரும்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் தென்காசிக்காரர்களுக்கு முகமே மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், மேகம் மலையை மூடும், பூத்தூவல் போலச் சாரல் விழும். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால் எண்பது வயதுக் கிழவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த மூன்று மாதமும் மனிதனுக்குச் சொர்க்கம். காருக்குத்தான் ஆகாது.

பூட்டி வைத்த காருக்குள் பத்து நாளில் தோல் சீட்டில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலைச்சருகு அடைத்து, தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கும். ஐந்தருவிப் பக்கம் நிறுத்தினால் குரங்குகள் வைப்பர் ரப்பரை உரித்து எடுத்துவிடும். பக்கத்து வயலில் அறுப்பு முடிந்தால் எலிகள் பானெட்டுக்குள் குடிவந்து ஒயரைக் கடிக்கும். சாதாரண காருக்கே இந்தப் பாடு. என்னிடம் இருப்பது 2014-ஆம் வருட டொயோட்டா கேம்ரி ஹைபிரிட். முன்னால் ஒரு பெட்ரோல் எஞ்சின், அதோடு இரண்டு மின் மோட்டார், பின்சீட்டுக்குப் பின்னால் 245 வோல்ட் பேட்டரி. "எங்கே சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்காத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. எங்கேயும் போட வேண்டாம், போடவும் முடியாது, பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அதுவே ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்தக் கார் 2013 ஆகஸ்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெங்களூரு பக்கம் பிடதியில் உள்ள ஆலையில் சேர்த்துக் கட்டினார்கள். புதிதில் விலை 30 லட்சத்தை ஒட்டி. அந்த விலைக்கு நானெல்லாம் ஷோரூம் வாசலில் நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். 2021-ல் கோயம்புத்தூரில் ஒரு வீட்டில், கொரோனா காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டி விலைக்கு வந்தது. "பேட்டரி போயிரும், போனா வண்டியே போச்சு" என்று எல்லோரும் பயந்ததால் புது விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லாமல் கிடைத்தது.

எனக்கு அந்தப் பயம் இல்லாததற்குக் காரணம் உண்டு. தொலைபேசித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் பெருங்கூட்டமாக வெளியே வந்தோமே, அதில் ஒருவன். எக்ஸ்சேஞ்ச் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுவிட்ச் அறை. எங்களுக்கு உயிர்நிலை பேட்டரி அறைதான். 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாகக் கோத்து 48 வோல்ட். ஊரில் கரண்டு போனாலும் டெலிபோன் போகாமல் இருந்தது அவற்றால். வாரா வாரம் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் அடர்த்தியையும் நோட்டில் எழுதுவோம். 24-ல் ஒன்று நோஞ்சான் என்றால் மீதி 23-ம் இருந்து பிரயோஜனம் இல்லை. இந்தக் காரின் பேட்டரியும் அதே சங்கதிதான். 1.2 வோல்ட் நிக்கல் செல் ஆறு சேர்ந்து ஒரு கட்டி, அப்படி 34 கட்டி வரிசையாக. மொத்தம் 204 செல். கணக்குப் போட்டால் 244.8 வோல்ட் வரும்.

ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் 48 வோல்ட்டை ஈரக்கையால் தொட்டாலும் ஒரு சுரீர், அவ்வளவுதான். இது 245 வோல்ட் டி.சி. பிடித்தால் விடாது. ஆள் போய்விடுவான்.

வாங்கிய முதல் வருடம் கார் ராஜா போல ஓடியது. 2022 தொடக்கத்தில் என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்டியாக வேண்டும். கடையநல்லூர், புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஒரு பக்கத்துக்கே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் அவளால் முடியாது. கால் வீங்கும், டீசல் வாடைக்குக் குமட்டும். ஒரு தடவை வாடகைக் காரில் போனபோது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அதிர்கிற அதிர்வில் வாந்தி எடுத்துவிட்டாள். கேம்ரியில் அந்தத் தொல்லை இல்லை. நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டே வருவாள். ஆடம்பரக் கார் என்று ஊரில் சொன்னார்கள். எங்களுக்கு அது ஆம்புலன்ஸ் மாதிரி.

அந்த செப்டம்பரில் மதுரையிலிருந்து திரும்பி வரும்போது சிவகிரி தாண்டியதும் பின்னால் ஃபேன் இரைச்சல் கேட்டது. பேட்டரிக்குக் காற்றடிக்கும் ஃபேன். திரையில் பேட்டரிப் படத்தில் ஆறு கோடு இருந்தது, ஒரு மேட்டில் ஏறுவதற்குள் இரண்டாகி, இறக்கத்தில் இரண்டு நிமிஷத்தில் முழுக்க நிரம்பியது. இவ்வளவு சீக்கிரம் காலியாகி இவ்வளவு சீக்கிரம் நிரம்பினால் பாத்திரம் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். வாசுதேவநல்லூர் வருமுன் சிவப்பு முக்கோணம் எரிந்தது. அவளை எழுப்பவில்லை. ஐம்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

பெரிய ஊர் ஒன்றில் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, பி0ஏ80 என்று ஒரு கோடு வந்திருக்கிறது, பேட்டரியை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு நல்ல பழைய சின்னக் கார் ஒன்று வாங்கிவிடலாம். 34-ல் எத்தனை கட்டி போயிருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அதெல்லாம் பிரிக்க மாட்டோம் சார். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துருங்க." எக்ஸ்சேஞ்ச் என்ற சொல் எனக்கு வேறு மாதிரித்தான் கேட்கும்.

வெளிநாட்டிலிருக்கும் மகனும் போனில் அதையே சொன்னான். "வித்துருங்கப்பா. நான் பணம் அனுப்புதேன், புதுசா சின்னதா ஒண்ணு எடுங்க." மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பாடு போடும்போது, "ஏங்க, அடுத்த மாசம் எதுல போறோம்?" என்று கேட்டாள்.

மேலகரத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அவருடைய வாப்பா காலத்தில் அம்பாசடர் எஞ்சின் இறக்கி ஏற்றிய பட்டறை. இவர் கையில் இப்போது பெரும்பாலும் லோடு வண்டிகள். எனக்குப் பழக்கம். காரைப் பார்த்துவிட்டுப் பானெட்டைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார். "சார், பெல்ட்டே இல்லையே. ஸ்டார்ட்டர் எங்க? டைனமோ எங்க?" இரண்டும் கிடையாது என்றேன். கிளட்ச் கிடையாது, ரிவர்ஸ் கியர்கூடக் கிடையாது. நடுவில் ஒரு சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றி கிரகச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எஞ்சின் கிரகங்களைப் பிடித்திருக்கிறது, ஒரு மோட்டார் சூரியனை, இன்னொரு மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்த வளையத்தை. சூரியனைச் சுற்றினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், பெரிய மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றினால் கார் பின்னால் போகும். 1997-ல் ப்ரியஸ் காரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பாய் தரையில் குச்சியால் படம் போட்டுப் பார்த்தார். வளையத்தைப் பிடித்துக்கொண்டால் எது சுற்றும், சூரியனைப் பிடித்துக்கொண்டால் எது சுற்றும் என்று கால்மணி நேரம். அப்புறம் சொன்னார்: "தேயுத சாமான் ஒண்ணுமே இல்லையே சார். இது நூறு வருசம் ஓடும்லா." எஞ்சினும் கியரும் சரி. பேட்டரிதான்.

பிரிக்கும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை சென்னையிலிருந்து வரவழைத்திருந்தேன். போடுமுன் அதை ஊதி, முறுக்கி, காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் பிரயோஜனமில்லை. மோதிரம், வாட்ச் கழற்றினோம். பாய் தயங்கித் தயங்கி, "அரைஞாணும் கழத்தணுமா சார்?" என்றார். வெள்ளி அரைஞாண். அதையும் கழற்றச் சொன்னேன், என்னுடையதையும் கழற்றினேன். 12 வோல்ட் பேட்டரியின் ஒயரை எடுத்துவிட்டு, டிக்கிக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறக் கைப்பிடியை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது இருக்கும்வரை யாரும் மறந்துபோய்க்கூட இணைக்க முடியாது. அதற்கு மேல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இன்வெர்ட்டரில் உள்ள மின்தேக்கிகள் காலியாக. இன்வெர்ட்டர் இந்த 245-ஐ 650 வோல்ட் வரைக்கும் ஏற்றும். டீ குடித்தோம். ஆரஞ்சு நிற ஒயரை மீட்டர் வைத்துச் சுழி என்று பார்க்காமல் தொடக்கூடாது என்று பாயின் கையாளுக்கு மூன்று தடவை சொன்னேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கைப்பிடியை உருவினாலும் பெட்டிக்குள் செல்கள் உயிரோடுதான் இருக்கும். இந்தத் தொழிலில் பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் திறக்க வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் காரணம் பாதி தெரிந்துவிட்டது. இந்த பேட்டரி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பின்சீட்டை ஒட்டி அதற்கு ஒரு வாய் உண்டு. அங்கிருந்து ஃபேன் வரை நாய் முடியும் தூசியும் நமத்துப்போன பஞ்சு போல அடைத்திருந்தது. கோயம்புத்தூர் வீட்டில் பின்சீட்டில் நாய் பயணம் செய்திருக்கிறது போலும். மூச்சு முட்டினால் நடுவில் உள்ள கட்டிகள்தான் முதலில் வெந்துபோகும், ஓரத்தில் உள்ளவற்றுக்குக் காற்று கொஞ்சமாவது கிடைக்கும். போதாக்குறைக்கு ஒன்றரை வருடம் ஓடாமல் நின்றது. நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலே தானாக இறங்கும். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும்.

செல்களை இணைக்கும் செம்புத் தகடுகள் பச்சை பிடித்திருந்தன. எக்ஸ்சேஞ்சில் பார்த்த அதே பச்சை. வினிகரில் ஊறப்போட்டு, கழுவி, காயவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தோம். மனைவி சமையலறை வினிகர் பாட்டிலைத் தேடிவந்து, செம்புத்தகடுகள் ஊறுவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

34 கட்டிகளுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டேன். ஒவ்வொன்றிலும் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு நிமிஷம் எரியவிட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் எழுதினேன். சும்மா மீட்டர் வைத்தால் செத்த செல்லும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும், சுமை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். நல்லவை 7.8-லிருந்து 7.4-க்கு வந்து நின்றன. 16, 17, 19 மூன்றும் சுமை ஏற்றுமுன்பே 6.6. அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு செல் செத்திருக்கிறது. மூன்றும் நடுவில்தான். இன்னும் நாலைந்து, பாஸ் மார்க்கில் தேறியவை.

204 செல்லில் மூன்று. அதற்காக ஒரு காரைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள்.

மாற்றுக் கட்டி கிடைப்பதுதான் பெரும்பாடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹைபிரிட் கார்களுக்கும் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 43 சதம் போட்டுவிட்டார்கள். விற்பனை படுத்தது. கார் குறைவாக ஓடினால் விபத்தாகி உடைக்கு வருவதும் குறைவு. வரிக் கொள்கை என்று டில்லியில் போடுவது எங்கெல்லாம் வந்து இடிக்கிறது பாருங்கள். பாயின் மச்சான் கொச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில், விபத்தான கார் ஒன்றின் பேட்டரி இருப்பதாகக் கண்டுபிடித்தார். அதில் ஐந்து கட்டிகளைச் சோதித்து எடுத்துவந்தோம். 34-ஐயும் பக்கவாட்டில் இணைத்து ஒரு நாள் முழுக்க வைத்தால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும். பிறகு ஒன்று விட்டு ஒன்று திருப்பி அடுக்கி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும், சார்ஜ் ஏறும்போது கட்டிகள் உப்பும் என்பதால். நட்டுகளை முறுக்க பாயை விடவில்லை. லாரி வீல் நட்டு முறுக்கிய கை அது, இங்கே போல்ட் ஒடிந்துவிடும்.

ஒரு வரிசையில் பழையதும் வேறு பழையதும் கலந்தால் நீண்ட நாள் நிற்காது. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் கற்ற முதல் பாடமே அதுதான். ஒரு வருடம் ஓடினால் போதும், அதற்குள் பணம் சேர்த்து 34-ஐயும் புதிதாகப் போட்டுவிடலாம் என்பதே என் கணக்கு. பாயிடமும் மனைவியிடமும் அப்படியே சொன்னேன்.

ஓட்டிப் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானும் பாயும் செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறிக் கோட்டைவாசல் வரை போனோம். ஏற்றத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக, நிதானமாகக் குறைந்தன. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரி ஏறத் தொடங்கியது. கீழே வருமுன் முழுக்க நிரம்பி, இனி கொள்ளாது என்று எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்றி மிச்ச விசையைத் தீர்த்தது. பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் பதறினார். சொன்னதும், "இறக்கத்துல இறங்குனா பெட்ரோல் சம்பாதிக்குது, அதுவும் போதும்னு சொல்லுது" என்று சிரித்தார். பிரானூர் பார்டரில் இறங்கி ஆளுக்கு நாலு புரோட்டா சாப்பிட்டோம். அடுத்த வாரம் மதுரைக்குப் போகும்போது அவள் ராஜபாளையம் வரை கண்விழித்துத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

அந்தக் கட்டிகள் பதினைந்து மாதம் தாங்கின. 2024 ஜனவரியில் 34-ம் புதிதாக வாங்கிப் போட்டோம். மகன் அனுப்பியது பாதி, என் ஓய்வுப் பணத்திலிருந்து பாதி. லித்தியம் போடுங்கள், எடை குறையும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். காரின் மூளைக்கு எழுதிக்கொடுத்த கணக்கு நிக்கலுக்கானது. ஆளை மாற்றிவிட்டு ஜாதகத்தை மாற்றாமல் இருந்தால் எப்படி?

அன்றிலிருந்து சாரல் காலத்துக்கென்று சில வழக்கங்கள். ஓட்ட வேலை இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒரு தடவை அரைமணி நேரம் இலஞ்சி வழியாக ஒரு சுற்று. இந்தக் காரில் பிரேக் கட்டை தேயவே தேயாது, வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே பிடித்துவிடுகிறது. அதுவே இங்கே வினையாகிறது. வேலை இல்லாத டிஸ்க்கில் துரு ஏறும், காலிப்பர் பின் ஈரத்தில் இறுகிப்போகும். வருடம் ஒரு தடவை கழற்றிக் கிரீஸ் போட்டால்தான் உண்டு. பேட்டரி வாயில் மெல்லிய வலைத்துணி கட்டியிருக்கிறேன், மாதம் ஒரு முறை கழுவுகிறேன். சீட்டை வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைப்பது மனைவியின் வேலை, அவளே எடுத்துக்கொண்டது. ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்தால் எலி கூடு கட்டுவதில்லை. குரங்குக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. குற்றாலத்துக்கு ஆட்டோவில்தான் போகிறோம்.

பங்கில் இப்போது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்து வருடத்துக்கு மேலான ரப்பர் என்பதால் எரிபொருள் குழாய்களைப் பார்த்து இரண்டை மாற்றினோம். 2029-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது அப்போது.

நோட்டு மட்டும் நிறுத்தவில்லை. இந்தக் கார் இரண்டிரண்டு கட்டிகளாகச் சேர்த்து 17 தொகுதிகளை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும், அதைச் செல்போனில் படிக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வாசிப்பது நான், எழுதுவது அவள். நேற்று ஏற்றத்தில் முழு சுமையில் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் இடையே 0.2 வோல்ட். போன வருடமும் அதேதான் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். வரும் வெள்ளிக்கிழமை மதுரை. அதற்கு முன் பாய் வந்து பின் காலிப்பரைக் கழற்ற வேண்டும், இடதுபக்கம் லேசாக இழுக்கிறது.